தேத்தண்ணி ஊத்தப் போன நேரம்

உவர்மலையில் குடியிருக்கிறவர்களுக்குத் துறைமுகம் தெரியும், கப்பல் தெரியும், மழை எந்தப் பக்கத்தால் வருகிறது என்பது ஊருக்கு முன்னம் தெரியும். மண் மட்டும்தான் கிடையாது. ஒரு சாண் தோண்டினால் மண்வெட்டி பாறையில் மோதிக் கையை விறைக்க வைக்கும். அதனால் சுலோஜனா நிலத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டாள். பெயின்ற் வாளி, அரிசிப் பை, பழுதாய்ப்போன குளிர்சாதனப் பெட்டியின் உடம்பு, இழுவைப்படகில் வேலை செய்கிற புருசன் ரஜீவன் கொண்டுவந்த பழைய டயர் என்று, வாய் திறந்த எதைக் கண்டாலும் மண்ணை நிரப்பி ஒரு கன்றை வைத்தாள்.

"நான் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டா எனக்குள்ளயும் வெங்காயம் நடுவீர்" என்பான் ரஜீவன்.

"உங்கட வாய்க்குள்ள வெயில் படாது. வெங்காயம் அழுகிப்போகும்."

மான்களுக்குப் பயந்து சுற்றிவரப் பழைய மீன்வலை கட்டியிருந்தாள். திருகோணமலையில் மான் காட்டு மிருகமல்ல. வீதியோரத்தில் படுத்து அசைபோடும், கடை வாசலில் வாழைப்பழத் தோலுக்கு நிற்கும், மனம் வந்தால் மலையேறி வந்து ஆசையாய் வளர்த்த கீரையை மேய்ந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலப் பெரிய கண்ணால் பார்க்கும்.

சுலோஜனா வீட்டிலிருந்து சட்டை தைப்பவள். தையல் மெசினின் தலைமேல் தொலைபேசியை வைத்து, நாள் முழுக்க 'வளவும் குசினியும்' என்ற வட்சப் குழுவின் குரல்களைக் கேட்டபடியே மிதிப்பாள். பாலையூற்றில் மொட்டைமாடியில் மிளகாய் வளர்க்கும் இராகுலன்தான் குழுவை நடத்துகிறவர். காலை வணக்கப் படம் போட்டால் ஒரு நாள் தள்ளிவைப்பார். தம்பலகாமத்தில் வயலுக்குப் பக்கத்தில் இருக்கும் கீர்த்தனி அடிக்கடி ஒரே செய்திதான் அனுப்புவாள். "யானை வந்திட்டுது. வாழை முடிஞ்சுது. ஆனா பூசணி தப்பிட்டுது." அப்படி ஆள் ஆளுக்கு ஒரு வெண்டிக்காய், ஒரு புளிப்புக் கறி, ஒரு அடிப்பிடித்த பானையின் கதை.

அந்தக் குரல்களில் சுலோஜனா காத்திருந்து கேட்பது நஜ்முன் நிஸாவின் குரலை. கிண்ணியாவில் அக்காவை ராத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். சுலோஜனாவுக்கும் அவள் நிஸா ராத்தாதான். "அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், எல்லாரும் சாப்பிட்டாச்சா" என்று தொடங்கினால் பின்னால் ஆடு கத்தும், அகப்பை சட்டியில் தட்டுப்படும், புருசன் ஸெய்னுதீன் எங்கிருந்தோ இருமுவார். புளியாணத்துக்கு எந்தப் பதத்தில் புளி விட வேண்டும் என்று தொடங்கிக் கடைசியில் கோழிக்கு வந்த கோபத்தில் முடியும். ஊசியில் நூல் கோர்க்க மறந்து சுலோஜனா சிரித்துக்கொண்டிருப்பாள்.

நிஸாவின் திராட்சைக்கொடிதான் குழுவின் தொடர்கதை. மூன்றாவது வருசமாகப் படர்ந்து படர்ந்து இலையை மட்டும் தந்தது. இராகுலன் சொன்னார் என்று, வறண்ட கச்சான் காற்று தொடங்கமுதல் அதை மொட்டையாக வெட்டினாள். அன்றைக்கு அவள் போட்ட குரலில் அழுகை இருந்தது. பிறகு மொட்டு வெடித்தது, தளிர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் படம் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதிலுக்குக் காத்திருக்கிற வீடுபோலக் குழு முழுக்க அந்தக் கொடியைப் பார்த்திருந்தது.

இந்த இடத்தில் சுலோஜனாவின் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்டு வாங்கிய கொப்பு வேர் பிடிக்காது. களவெடுத்து நட்டால்தான் தழைக்கும். அவளுடைய கறிவேப்பிலை, மல்லிகை, கற்பூரவள்ளி எல்லாம் யாரோ ஒருத்தர் வளவில் களவெடுத்தவைதான். ஆனால் இந்தக் களவுக்கு ஒரு மரியாதை உண்டு. வந்தவர் ஒரு செடியை ஆசையாய்ப் பார்த்தால், வீட்டுக்காரி "இருங்கோ, ஆறுதலா ஒரு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்" என்று குசினிக்குள் போய்விடுவாள். கேத்தல் கொதித்தாலும் வெளியே வரமாட்டாள். வந்தவர் முறிக்க வேண்டியதை முறித்துப் பைக்குள் வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு கதிரையில் இருந்த பிறகுதான் கோப்பை வரும். ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை.

நிஸா ஒருமுறை உவர்மலைக்கு வந்திருந்தாள். வந்தவள் சுலோஜனாவின் கற்பூரவள்ளியைத் தடவி, "என்ன வாசம் புள்ள!" என்றாள். சுலோஜனா உடனே உள்ளே போனாள். தேத்தண்ணி ஊற்றி, ஆற்றி, திரும்பச் சூடாக்கி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். வெளியே வந்து பார்த்தால் கற்பூரவள்ளி அப்படியே இருந்தது. ஓர் இலைகூடக் குறையவில்லை. நிஸா கதிரையில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ர செடி ஒண்டும் அவவுக்குப் பிடிக்கேல்லைப் போல" என்று அன்றிரவு ரஜீவனிடம் சொன்னாள். அந்தச் சின்ன முள் அவளுக்குள் இருந்தது.

பூரணை விடுமுறைக்குக் குழு முழுவதையும் நிஸா கிண்ணியாவுக்குக் கூப்பிட்டாள். ஆள் ஆளுக்கு ஒரு சட்டியோடு, நீளக் கடற்பாலத்தைக் கடந்து போய் இறங்கினார்கள். சுலோஜனா வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் கொண்டுபோனாள். கீர்த்தனி யானையிடமிருந்து தப்பிய பூசணியையே கறியாக்கிக் கொண்டுவந்திருந்தாள். இராகுலன் ஒரு போத்தல் மிளகாய்த் தூளை நீட்டி, "இது சாப்பாட்டுக்கு இல்லை, மரியாதைக்கு" என்றார். நிஸாவின் வீட்டில் இடியப்பம், மீன் ஆணம், கத்தரிக்காய், ஸெய்னுதீனின் எருமைத் தயிர். தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு துளி வழியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மற்றவர்கள் எருமைக் கன்று பார்க்கப் பின்பக்கம் போனார்கள். சுலோஜனா திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றாள். படத்தில் பார்த்ததைவிடக் கொடி அழகாயிருந்தது. இலைகளுக்குள்ளால் வெயில் பச்சையாய் வடிந்து மணலில் விழுந்தது.

நிஸா பக்கத்தில் வந்தாள். முகத்தில் ஏதோ ஒளித்துவைத்த சிரிப்பு. "சுலோ, நீங்க போகாதீங்க. இஞ்சயே நில்லுங்க. நான் ஆறுதலா தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வாறன்."

சுலோஜனாவின் நெஞ்சு நிறைந்துபோனது. இவ்வளவு பேரில் தனக்கு மட்டும்! உள்ளே கேத்தல் மூடி தட்டுப்படுகிற சத்தம் வரும்வரை பொறுத்தாள். பிறகு முற்றிய தண்டோடு நல்ல கொப்பாகப் பார்த்து, ஒரே முறி. ஈரச் சீலையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

நிஸா தட்டோடு வந்தபோது மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அவள் ஒருதரம் பந்தலை அண்ணாந்து பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு இன்னொருதரம் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் வட்டிலப்பம் வெட்டி வைத்தாள், இன்னும் வேணுமா என்று கேட்டாள். சுலோஜனாவுக்கு இரண்டு துண்டு வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுலோஜனா கொப்பின் இளம் நுனியை நறுக்கி வீசிவிட்டு, முற்றிய தண்டை மட்டும் ஒரு பழைய தயிர்ச் சட்டியில் நட்டாள். மேலே வெட்டின போத்தலைக் கவிழ்த்தாள். கை கழுவும்போதே தொலைபேசியில் நிஸாவின் குரல் வந்தது. சலாம் இருந்தது, சாப்பிட்டாச்சா இல்லை.

"என்ட திராட்சைக் கொடியில யாரோ ஒரு கொப்ப முறிச்சிருக்காங்க. அதிலதான் பூ வந்திருந்திச்சி. இண்டைக்கு விடியத்தான் கண்டன். தேத்தண்ணி குடிச்ச பொறகு எல்லாருக்கும் காட்டுவம் எண்டு இருந்தன். கேட்டிருந்தா வேற கொப்புத் தந்திருப்பனே. கேக்காம எடுத்திட்டாங்க. அதுதான்."

பிறகு ஒரு வரி. நஜ்முன் நிஸா குழுவிலிருந்து வெளியேறினார்.

சுலோஜனா குப்பை வாளிக்குள் கையை விட்டாள். வெங்காயத் தோலுக்குக் கீழே நறுக்கின நுனி கிடந்தது. இலைக்கு எதிர்ப்பக்கம், கொடியின் பற்றுக்கம்பி என்று அவள் நினைத்த இடத்தில், கடுகைவிடச் சின்னதாய்ப் பச்சை மணிகள் கொத்தாய் இருந்தன. திராட்சைப் பூ இப்படியிருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? மல்லிகைபோல வெள்ளையாய் வரும் என்றல்லவா இத்தனை நாளும் பார்த்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள்.

ரஜீவன் வந்து, கேட்டு, தலையைச் சொறிந்தான். "போன் எடுத்துச் சொல்லுமன், நான்தான் எண்டு."

"என்னெண்டு சொல்றது? களவெடுத்தனான் எண்டா?"

"களவுதானே எடுத்தனீர்."

"அது களவில்லை! அவதானே தேத்தண்ணி ஊத்தப் போனவ!"

"உதைப் பொலிசில போய்ச் சொல்லிப் பாரும்."

அவள் அழைத்தாள். நிஸா எடுக்கவில்லை. நிஸா யாருடைய அழைப்பையுமே எடுப்பதில்லை என்று இராகுலன் சொன்னார். குழு உப்பில்லாச் சொதிபோலாயிற்று. ஒருத்தரும் கறி வைப்பதாகத் தெரியவில்லை. யாரோ ஆட்டைச் சந்தேகித்தார்கள். யாரோ அணிலை. பிறகு யாரோ ஒரு படத்தைத் தேடி எடுத்துப் போட்டார்கள். பந்தலுக்குக் கீழே கீர்த்தனி கொடியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றாள். படத்தோடு ஒரு சொல்லும் இல்லை. அதுதான் மோசம்.

இதற்கிடையில் சட்டியில் இருந்த தண்டு ஒரு மொட்டை வெடித்தது. பிறகு ஓர் இலை, இன்னோர் இலை. களவெடுத்தது தழைக்கும் என்பது சரிதான். வேறொரு காலமாயிருந்தால் சுலோஜனா வளவைச் சுற்றி ஆடியிருப்பாள். இப்போது ஒவ்வோர் இலையும் அவளுக்கு நேரே நீட்டின கை மாதிரி இருந்தது. மூன்றாவது இலை விரிந்த காலையில் தையலை அப்படியே விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். கொப்பு முறிச்சது நான். கீர்த்தனி இல்லை, ஆடும் இல்லை. பூ எண்டு தெரியாது. நிஸா ராத்தா தேத்தண்ணி ஊத்தப் போனதை நான் பிழையா விளங்கிப்போட்டன். இப்ப கிண்ணியாவுக்குப் போறன்."

பதில்கள் பஸ்ஸில் ஏறியபிறகுதான் வந்தன. கீர்த்தனி: "அக்கா, நான் இவ்வளவு நாளும் யானையக்கூடக் கவனிக்கேல்லை, அழுதுகொண்டு இருந்தனான். நல்லா இருங்கோ." இராகுலன்: "குழு விதியில களவு பற்றி ஒண்டும் எழுதேல்லை. அது என்ர பிழை."

நிஸாவின் வளவில் ஸெய்னுதீன் சட்டி கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சுலோஜனாவையும் அவள் கையில் இருந்ததையும் பார்த்தார். "நிஸா!" என்று உள்ளே கூப்பிட்டார். "ஒன்ட கொப்பு நடந்து வந்திரிக்கி."

நிஸா வாசலில் வந்து நின்றாள்.

"ராத்தா, நான்தான்."

"நீங்களா?" அவள் கதிரையில் இருந்தாள். "நான் யார் யாரையெல்லாமோ நெனச்சன். பந்தலுக்குக் கீழ நிண்டது நீங்கதான், எண்டாலும் ஒங்கள நெனைக்கல்ல, சுலோ. ஒங்களுக்கு முதல்ல காட்டுவம் எண்டுதானே நிக்கச் சொன்னன். ஒங்களுக்குக் காட்டிட்டுத்தான் மத்த ஆக்களக் கூப்பிட இருந்தன்."

சுலோஜனா தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தாள். வழக்கத்தைச் சொன்னாள். ஆசையாய்ப் பார்ப்பது, வீட்டுக்காரி உள்ளே போவது, கேத்தல் சத்தம், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமான கதை என்று அவளுக்கே பட்டது.

நிஸா கண்ணைச் சுருக்கிக் கேட்டாள். "அப்ப நான் தேத்தண்ணி ஊத்தப் போனா களவெடுங்க எண்டு அர்த்தமா?"

"எங்கட பக்கம் அப்பிடித்தான் ராத்தா."

"எங்கட பக்கம் தேத்தண்ணி எண்டா தேத்தண்ணிதான் புள்ள!" என்றவள், சட்டென்று நிறுத்தினாள். "பொறுங்க. நான் ஒங்கட வீட்ட வந்த நேரம் என்ன இருத்திப்போட்டு ஒரு யுகமா உள்ளுக்கு நிண்டீங்களே?"

"ஓம்."

"கற்பூரவள்ளிக்குப் பக்கத்தில?"

"ஓம் ராத்தா. நீங்க ஒண்டும் எடுக்கேல்லை. எனக்கு மனவருத்தமாப் போச்சு."

நிஸா புருசனைப் பார்த்தாள். புருசன் கையிலிருந்த சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் இவருக்கிட்ட வந்து சொன்னன்," நிஸாவின் குரல் நடுங்கத் தொடங்கியது, "பாவம் அந்தப் புள்ளட வீட்ட சமையல் கேஸ் முடிஞ்சிரிக்கி, வெக்கத்தில சொல்லாம விறகுக்கு ஓடித் திரியிறா எண்டு..."

"அதுக்குத்தானே நான் அடுத்த கிழமை எரிக்க ஒரு மூட்டை தேங்காய்ச் சிரட்டை அனுப்பினன்" என்றார் ஸெய்னுதீன்.

"அந்தச் சிரட்டை!" சுலோஜனா கத்திவிட்டாள். "அது செடிக்குப் போடச் சொல்லித் தந்தது எண்டு நினைச்சு, நான் ஒவ்வொண்டிலயும் ஓட்டை போட்டு வல்லாரை நட்டிட்டன்! நான் அண்டைக்குக் கொண்டுவந்த சம்பல் அதில முளைச்சதுதான்!"

அதற்குமேல் நிஸாவால் முடியவில்லை. முந்தானையை வாயில் பொத்தியும் சிரிப்பு விரலிடுக்கால் வந்தது. கதிரை ஆடியது. ஸெய்னுதீன் சிரித்து இருமி, இருமிச் சிரித்தார். பந்தலில் இருந்த காகம் எழும்பிப் போய்விட்டது. சுலோஜனாவின் கண்ணில் வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மடியில் இருந்த மூன்று இலைகளும் குலுங்கின.

மூச்சு வந்ததும் நிஸா கண்ணைத் துடைத்தாள். "சரி புள்ள. முறிச்சது முறிஞ்சிட்டு. அந்தப் பக்கக் கொப்பில இன்னொரு பூ வந்திரிக்கி, பொறகு காட்டுறன். இந்தக் கொப்ப ஒங்களுக்குத் தந்திட்டன். மனசாரத்தான். ஹலால். கொண்டு போங்க."

சுலோஜனாவின் முகம் வாடியது.

"என்ன?"

"ஒண்டுமில்லை ராத்தா."

"என்ன எண்டு செல்லுங்க."

"தந்தா... பட்டுப்போகும்."

"அல்லாஹ்வே!" நிஸா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தராட்டி என்ட மனசுக்குப் பொருந்தாது. தந்தா ஒங்களுக்குத் தழைக்காது. அப்ப இத என்ன செய்யிற? நடுப் பாலத்தில கொண்டுபோய் வைக்கிறதா?"

ஸெய்னுதீன் கழுவின கையை உதறிக்கொண்டு வந்தார். இலையை விரலால் தொட்டுப் பார்த்தார். "நீ குடுக்காத. அவ எடுக்கவும் வேணாம். அமானிதமா வச்சிரிக்கட்டும்."

"அமானிதம் எண்டா?" சுலோஜனா கேட்டாள்.

"நம்பி ஒராள்ட கையில ஒப்படைக்கிற சாமான். சாமான் எங்கடதான். காப்பாத்துறது ஒங்கட பொறுப்பு. ஆடு தின்னாலும் மான் தின்னாலும் நீங்கதான் பதில் சொல்லணும். லேசான வேல இல்ல, தங்கச்சி. களவெடுக்கிறதவிடக் கஷ்டம்."

நிஸாவின் முகம் வெளித்தது. "அதான் சரி! என்ட கொடி, ஒங்கட சட்டி. காய்ச்சா பாதி எனக்கு வந்து சேரணும். இடைக்கிட நான் வந்து பாப்பன். ஒரு இலை வாடினாலும் குழுவில வொய்ஸ் போடுவன், பாத்துக்கங்க."

"அப்ப குழுவுக்கு வாறீங்களா?"

"வராம? இந்தச் சிரட்டைக் கதைய நான் ஆருக்குச் செல்றது?"

பொழுது சாய்ந்தபிறகுதான் விட்டாள். கட்டிச் சோறும் ஒரு சட்டித் தயிரும் தந்து, சந்திவரை வந்து பஸ் ஏற்றினாள். பஸ்ஸில் ஆட்கள் நெருக்கம். சுலோஜனாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. பாலத்தை நெருங்கினால் கச்சான் காற்று ஆளையே தூக்கும். காலையில் வரும்போது கையால் பொத்திப்பிடித்தும் ஓர் இலையின் ஓரம் கிழிந்திருந்தது. இப்போது ஒரு கையில் தயிர், மடியில் கொடி. என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி ஒலித்தது. தட்டியதும் நிஸாவின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"சுலோ, பாலத்துக்கு வந்திட்டீங்களா? காத்து! என்ட கொடியப் பொத்திப் புடிங்க! அது அமானிதம், மறந்திராதீங்க!"

முன்னால் நின்ற கொண்டக்டர் திரும்பினார். "என்னம்மா அது?"

"திராட்சைக் கன்று, தம்பி. என்ர இல்லை. இந்த ஊர் ராத்தா ஒராள் நம்பித் தந்து விட்டவ." சொல்லும்போது, தனக்குச் சொந்தமான எதைப் பற்றியும் இவ்வளவு பெருமையாய்த் தான் சொன்னதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அமானிதமா?" கொண்டக்டர் குரலை உயர்த்தினார். "ஜன்னலெல்லாம் மூடுங்க! மூடுங்க! அமானிதம் போகுது!"

"அவிஞ்சி சாகப்போறமா?" என்றார் பின்னால் ஒருத்தர். "எத்தின இலை?"

"மூண்டு" என்றாள் சுலோஜனா.

"மூணு இலைக்கா?"

"மூணு இலை எண்டாலும் அமானிதம் அமானிதம்தான், காக்கா. மூடுங்க" என்று பக்கத்திலிருந்த பெண் தன் ஜன்னலை இழுத்து அடித்தாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கண்ணாடிகள் இறங்கின. யாரோ கடதாசியால் விசிறத் தொடங்க, "மெதுவா வீசுங்க, இலை ஆடுது" என்று இன்னொருத்தர் அதட்டினார். வெளியே கடல் வெள்ளை வெள்ளையாய்க் குதித்தது. உள்ளே ஒரு பஸ் சனமும் கழுத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருக்க, சட்டியில் மூன்று இலைகளும் அசையாமல் பாலத்தைக் கடந்தன.